வியாதிக்குப் பேர் வைக்க எத்தனை வருஷம்?



ஒரு மனிதனுக்கு நோய் கண்டால் அவன் முதலாவதாகக் கேட்கும் கேள்வி, “எனக்கு வந்திருப்பது என்ன?” என்பதேயாகும். மருந்தைப் பற்றியும் செலவைப் பற்றியும் கேட்பதெல்லாம் அதற்குப் பிந்தியதுதான். கை முறிந்தவனுக்கு ஒரு மணி நேரத்தில் படம் பிடித்துக் காட்டிப் பதில் சொல்லி விடுகிறார்கள். மலேரியாக் காய்ச்சல்காரனுக்கு ஒரு சொட்டு இரத்தத்தில் பதில் கிடைத்து விடுகிறது. ஆனால் இந்த ஒரு கேள்விக்குப் பதில் கிடைப்பதற்கே சிலருக்கு மாதக்கணக்கும், சிலருக்கு வருஷக்கணக்கும் ஆகும்படியான வியாதி ஒன்று உலகத்தில் இருந்து வருகின்றது. மல்டிபிள் ஸ்கிளிரோஸிஸ் என்பது அதன் பெயர். தமிழில் தண்டுவட மரப்பு நோய் என்று எழுதுகிறார்கள். 2020-ம் வருஷத்துக் கணக்குப்படி உலகத்தில் சுமார் 28 லட்சம் பேருக்கு இவ்வியாதி உண்டு. குளிர் தேசங்களில் அதிகம், நம் நாட்டில் குறைவு, ஆனால் இல்லாமலில்லை. பெரும்பாலும் 20 வயதுக்கும் 40 வயதுக்கும் இடையில், அதாவது மனிதன் உழைத்துக் குடும்பத்தைத் தாங்க வேண்டிய காலத்தில்தான் இது தலைகாட்டுகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு 2, 3 மடங்கு அதிகமாக வருகிறது.

இதை ஒரு வைத்தியப் பத்திரிகையல்லவா எழுத வேண்டும், நமக்கு இதில் என்ன வேலை என்று சில தோழர்கள் கேட்கலாம். வேலை இருக்கிறது. ஏனென்றால், இவ்வியாதிக்குப் பேர் கிடைக்கும் வழி இவ்வளவு நீளமாயிருப்பதற்கு ஒரு பங்குக் காரணந்தான் வியாதியைச் சேர்ந்தது. மற்றொரு பங்கு மனிதருடைய புத்தியைச் சேர்ந்தது. புத்தியின் கோளாறு எங்கே இருக்கிறதோ அங்கே நமக்கும் வேலை உண்டு.

முதலில் வியாதியின் பங்கைப் பார்ப்போம். மின்சாரக் கம்பிக்கு மேலே ரப்பர் உறை போட்டிருப்பதுபோல நம்முடைய மூளையிலும் முதுகுத்தண்டிலும் உள்ள நரம்பு இழைகளுக்கு மேலே மயலின் என்னும் கொழுப்பு உறை ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து வரும் கிருமிகளோடு சண்டை போடுவதற்காக உடம்பில் ஏற்பட்டிருக்கும் காவற்படை, இந்த வியாதியில், தன்னுடைய உடம்பின் உறையையே பகைவன் என்று எண்ணிக் கடித்து விடுகிறது. வேலியே பயிரை மேய்வதென்பது இதுதான். உறை கெட்ட இடத்தில் செய்தி தடைப்படுகிறது; பிறகு அந்த இடம் தழும்பேறி இறுகிப்போகிறது. கண்ணுக்குப் போகும் நரம்பில் கெட்டால் ஒரு கண் மங்கும். விழியை அசைத்தால் வலிக்கும். முதுகுத்தண்டில் கெட்டால் கால் மரத்துப்போகும், நடை தளரும், சிறுநீரை அடக்க முடியாது. சிறுமூளையில் கெட்டால் குடிக்காதவனே குடிகாரனைப்போலத் தள்ளாடுவான். ஆகவே, ஒரே வியாதி ஒருவரிடத்தில் கண் நோயாகவும், மற்றொருவரிடத்தில் கால் நோயாகவும், இன்னொருவரிடத்தில் வெறுங் களைப்பாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வருகிறது.

இதைவிடப் பெரிய தந்திரம் ஒன்று இதனிடம் இருக்கிறது. பெரும்பாலோருக்கு இது வந்துவிட்டுப் போய்விடும். மங்கின கண் சில வாரங்களில் தானாகவே தெளியும். மரத்த கால் மருந்தில்லாமலே உணர்ச்சி பெறும். பிறகு ஆறு மாதமோ, இரண்டு வருஷமோ ஒன்றுமே இராது. அப்புறம் வேறொரு இடத்தில் வேறொரு வேஷத்தில் மறுபடியும் வரும். இந்தப் போக்குவரத்தைத் தோழர்கள் நன்றாய் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். நாம் சொல்லப்போகும் சங்கதி முழுவதும் இதன் மேல்தான் நிற்கிறது.

இங்கிலாந்து தேசத்தை ஆண்ட மூன்றாம் ஜார்ஜ் மன்னருக்கு அகஸ்டஸ் டெஸ்டே என்று ஒரு பேரன் இருந்தார். 1794-ல் பிறந்தவர். 1822-ம் வருஷக் கடைசியில் தமக்கு மிகவும் வேண்டிய ஒரு உறவினரைப் பார்ப்பதற்காக ஸ்காட்லாந்துக்குப் போனார். போய்ச் சேருவதற்குள் அவர் இறந்து போனார். சவ அடக்கத்தில் பலர் முன்னிலையில் அழக்கூடாதென்று அழுகையை அடக்கிக்கொண்டு நின்றார். அதற்குப் பிறகு சில நாட்களில் இவருக்குக் கண் மங்கிப்போய், கடிதங்களைப் பிறரைக்கொண்டு படிக்க வேண்டியதாயிற்று. பிறகு கண்ணுக்கு ஒரு வைத்தியமும் செய்யாமலே பார்வை திரும்பி விட்டது. இதை அவரே தம் நாட்குறிப்பில் எழுதி வைத்திருக்கிறார். அதற்கப்புறம் பார்வை இரட்டையாகத் தெரிவதும், கால் பலம் குன்றுவதும், மரத்துப் போவதும் ஒவ்வொன்றாக வந்தன, சில போயின, சில நின்றுவிட்டன. மன்னர் குடும்பத்தவராகையால் வைத்தியத்துக்கும் பணத்துக்கும் குறைவில்லை. ஒருவர் இறைச்சியும் மதுவும் சாப்பிடச் சொன்னார். ஒருவர் தைலம் தேய்க்கச் சொன்னார். ஒருவர் அட்டை கடிக்க விடச் சொன்னார். ஊர் ஊராய்ப் போய் மருத்துவ ஊற்றுகளில் குளித்தார். மின்சாரமும் வைத்துப் பார்த்தார்கள். சக்கர நாற்காலியில் உட்கார்ந்து, 1848-ல் மாண்டு போனார். 26 வருஷ காலமாய் அவருக்கு என்ன வியாதி என்று சொன்னவர் ஒருவருமில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், 1838-ம் வருஷத்தில், அதாவது டெஸ்டே உயிரோடிருக்கும்போதே, அதே லண்டன் நகரத்தில் ராபர்ட் கார்ஸ்வெல் என்கிற டாக்டர், பிரேதப் பரிசோதனையில் கண்ட முதுகுத்தண்டின் தழும்புகளை வர்ணப் படமாய் எழுதிப் புஸ்தகத்தில் அச்சிட்டு விட்டார். படம் ஒரு பக்கத்தில் இருந்தது. நோயாளி ஒரு பக்கத்தில் இருந்தார். இரண்டையும் சேர்த்துப் பார்க்க ஒருவருமில்லை. ஆகவே, பணமும் பதவியும் இருந்து பயனில்லை, வைத்தியர் பலர் இருந்தும் பயனில்லை, அறிவு இருக்கிற இடத்துக்கும் நோவு இருக்கிற இடத்துக்கும் பாலம் போட்டாக வேண்டும் என்பது இதிலிருந்து விளங்குகின்றதா இல்லையா?

நிற்க, இதே வியாதி நம் நாட்டுக் கிராமம் ஒன்றில் ஒரு மருமகளுக்கு வந்ததாக வைத்துக்கொள்வோம். ஒரு நாள் காலையில் ஒரு கண் புகை மூடினாற்போலத் தெரிகிறது. “திருஷ்டி பட்டுவிட்டது” என்று உப்பும் மிளகாயும் சுற்றிப் போடுகிறார்கள். போகவில்லை. கோடாங்கியிடம் போய்க் கேட்கிறார்கள். அவன் உடுக்கை அடித்து, குலதெய்வத்துக்குக் குறை வைத்துவிட்டீர்கள் என்கிறான். கிடாய் வெட்டிப் பொங்கலிடுகிறார்கள். ஐந்தாவது வாரத்தில் கண் தெளிந்து விடுகிறது. அவ்வளவுதான்! தெய்வத்தின் மகிமை ஊரெல்லாம் பரவி விடுகிறது. அடுத்த வருஷம் கால் மரத்துப் போகிறது. தாயத்துக் கட்டுகிறார்கள், ஏழரை நாட்டுச் சனி என்று ஜோசியன் சொல்லுகிறான், எள் விளக்கு ஏற்றுகிறார்கள். கால் மறுபடி சுவாதீனப்படுகிறது. ஜோசியனுக்குப் பேர் வருகிறது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்தது; காக்கைக்கு மாலை போட்டார்கள். பழுத்த பழம் காக்கை வராவிட்டாலும் விழுந்திருக்கும் என்பதை யோசித்தவர்கள் யார்?

இது ஏதோ படிக்காத ஜனங்களின் குற்றமென்று பட்டணத்துத் தோழர்கள் சிரிக்க வேண்டாம். கோடாங்கிக்குப் பதிலாக நரம்புப் பலத்துக்கென்று விளம்பரம் செய்யப்படும் லேகியத்தையும், கண்ட கண்ட ஊசியையும் வைத்துப் பாருங்கள். கணக்கு ஒன்றாகவே இருக்கும். தானாகப் போய்விடக்கூடிய எந்த நோவிலும், கடைசியில் என்ன செய்தோமோ அதற்கே கீர்த்தி சேருகிறது. ஆகையால் “எனக்குக் குணமாயிற்று” என்று ஒருவன் சத்தியம் செய்வது மாத்திரம் சாட்சியாகாது. அதைச் செய்யாதிருந்தால் குணமாகி இராதா என்று கேட்பதுதான் பகுத்தறிவு. இந்தக் கேள்வியைக் கேளாததனால் நஷ்டம் யாருக்கு? கோடாங்கிக்கா? இல்லை. முதல் தாக்குதலிலேயே நரம்பு வைத்தியரிடம் போயிருக்க வேண்டிய அந்தப் பெண்ணுக்குத்தான்.

தலைவிதியைப் பற்றியும் ஒரு வார்த்தை. பூர்வஜென்மப் பாவந்தான் இப்படிக் காலை முடக்கிற்று என்பார்கள். அமெரிக்காவில் படைச் சேவகம் செய்த ஒரு கோடிப் பேருக்கு மேற்பட்டவர்களைப் பற்றிய 20 வருஷத்துக் குறிப்புகளையும், சேமித்து வைத்திருந்த இரத்தத்தையும் ஆராய்ந்து 2022-ல் வெளியிட்டார்கள். எப்ஸ்டைன்–பார் என்கிற சாதாரணக் கிருமி தொற்றினவர்களுக்கு இவ்வியாதி உண்டாகும் அபாயம் 32 மடங்கு அதிகமாவதாக அதில் கண்டார்கள். அக்கிருமி உலகத்தில் அநேகமாய் எல்லோருடைய உடம்பிலும் இருக்கிறது. ஆனால் மிகச் சிலருக்கே இந்த வியாதி வருகிறது. ஆகவே பிறவிக் கூறு முதலிய வேறு காரணங்களும் சேர வேண்டும். அவற்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். பாவத்தைக் காரணமாகச் சொல்லியிருந்தால் தேட வேண்டிய வேலையே இல்லாமற் போயிருக்கும்.

இதுவரை சொன்னது அதிகமாய் நம்புவதால் வரும் கேடு. இனி நம்பாமையால் வரும் கேட்டைச் சொல்ல வேண்டும். இதுதான் நம் தோழர்களுக்குக் கசப்பாய் இருக்கக்கூடியது.

அந்த மருமகள் ஒருவாறு டவுன் ஆஸ்பத்திரிக்கு வந்து சேருகிறாள். “கால் மரக்கிறது, நடந்தால் களைக்கிறது, வெயிலில் நின்றால் கண் மங்குகிறது” என்கிறாள். அவள் வந்த அன்றைக்குக் கண்ணும் நன்றாயிருக்கிறது, காலும் நடக்கிறது, இரத்தப் பரீட்சையிலும் குற்றமில்லை. “உனக்கு ஒன்றுமில்லை, மனக்கவலை” என்று சத்து மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பி விடுகிறார்கள். வீட்டில், “டாக்டரே ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டார், வேலைக்குச் சோம்பல்” என்று மாமியார் பேசுகிறாள். புருஷனும் அதற்குத் தலையசைக்கிறான். சிறுநீர் அடக்க முடியாத சங்கதியை அவள் வெட்கப்பட்டு யாரிடமும் சொல்லவேயில்லை. கோயிலுக்குப் போகாத, சாமியே கும்பிடாத, நம்முடைய கூட்டங்களில் முன்வரிசையில் உட்காருகிற வீட்டிலும் இது நடக்கக்கூடாதென்று நிச்சயமுண்டா? கண்ணுக்குத் தெரியாத பேயை நம்பாதவன் பகுத்தறிவாளன், சரி. ஆனால் கண்ணுக்குத் தெரியாத நோவையும் நம்பமாட்டேனென்பவன் பகுத்தறிவாளனல்ல. பேய்க்குச் சாட்சியில்லை. நோவுக்கோ, அதை அனுபவிக்கிறவரே சாட்சியாக எதிரில் நிற்கிறார். அந்தச் சாட்சியை விசாரிக்காமலே பொய்ச்சாட்சி என்று தள்ளுவது எந்த நீதி?

மேல்நாட்டிலும் இந்த அநியாயம் நடந்தது. 20-ம் நூற்றாண்டின் ஆரம்பத்தில் இவ்வியாதி ஆண்களுக்கும் பெண்களுக்கும் சமமாகவோ, ஆண்களுக்கு அதிகமாகவோ வருவதாகப் பல வைத்தியர்கள் எழுதினார்கள். ஒரே மாதிரித் தள்ளாட்டத்துக்கு ஆண் பிள்ளைக்கு நரம்பு நோயென்றும், பெண்பிள்ளைக்கு ஹிஸ்டீரியா என்றும் பேர் வைத்ததும் இதற்கு ஒரு காரணமென்று பின்னால் வந்தவர்கள் சொல்லுகிறார்கள். இங்கிலாந்தில் ஜாக்குலின் டு பிரே என்று உலகப் பிரசித்தி பெற்ற செல்லோ வாத்தியக்காரி இருந்தார். 1971 முதல் அவர் விரல்களில் உணர்ச்சி குறையத் தொடங்கிற்று. தந்தியின் மேல் விரல் எங்கே இருக்கிறதென்று கண்ணால் பார்த்து வாசிக்க வேண்டியதாயிற்று. மன உளைச்சல் என்றே எண்ணப்பட்டது. 1973 அக்டோபரில்தான் வியாதியின் பெயர் வெளிப்பட்டது. அதற்குள் மேடை வாழ்வு முடிந்துவிட்டது. 1987-ல், 42-வது வயதில் இறந்தார். உலகம் காது கொடுத்துக் கேட்ட கைக்கே இந்தக் கதியென்றால், களையெடுக்கிற கைக்கு என்ன கதியென்று யோசித்துப் பாருங்கள்.

இனி, சரியான வழி எதுவென்பதற்கும் ஒரு திருஷ்டாந்தம் இருக்கிறது. பாரிஸ் நகரத்தில் ஸால்பெட்ரியேர் என்கிற பெரிய ஆஸ்பத்திரியில் ஷார்க்கோ என்ற டாக்டர் இருந்தார். கை நடுக்கமுள்ள ஒரு வேலைக்காரியைத் தம் வீட்டிலேயே அமர்த்திக்கொண்டார். அவள் கையில் எடுத்த தட்டும் கோப்பையும் உடைந்துகொண்டே இருந்தன. வீட்டுக்கு நஷ்டம். ஆனாலும் அவளை விலக்காமல், வருஷக்கணக்காக அவளுடைய நடுக்கம் எப்படி வருகிறது, எப்படி வளருகிறது என்று கவனித்து வந்தார். முதலில் அதற்கு வேறொரு வியாதியின் பேரைத்தான் வைத்திருந்தார். அவள் இறந்தபின் சோதித்துப் பார்த்ததில் மூளையிலும் முதுகுத்தண்டிலும் தழும்புகள் இருக்கக் கண்டு, அது உண்மையில் இந்த வியாதியே என்று காட்டினார். ஷார்க்கோ 1893-ல் இறந்தபோது, அவரிடம் படித்தவரான பிராய்டு இதை எழுதி வைத்தார். 1868-ல் இவ்வியாதிக்குத் தெளிவான லட்சணம் சொல்லிப் பெயர் நிலைநாட்டியவர் இந்த ஷார்க்கோதான். ஞான திருஷ்டியினாலா கண்டார்? இல்லை. பார்த்தார், குறித்தார், பொறுத்தார், தப்பு என்று தெரிந்தபோது திருத்தினார். விஞ்ஞானமென்பது இந்த நான்கையும் தவிர வேறொன்றுமில்லை.

அவருக்குப் பின்னும் வழி குறுக ஒரு நூற்றாண்டு ஆயிற்று. படம் பிடிக்கும் யந்திரம் இல்லாத காலத்தில் நோயாளியை வெந்நீர்த் தொட்டியில் உட்கார வைத்து, சூட்டினால் பார்வையும் நடையும் மோசமாகிறதா என்று பார்த்தார்கள். முதுகில் ஊசி குத்தித் தண்டுவட நீரை எடுத்துச் சோதித்தார்கள். 1981-ல்தான் எம்.ஆர்.ஐ. யந்திரம் உயிரோடிருக்கிறவரின் மூளைத் தழும்புகளை வெள்ளைப் புள்ளிகளாகக் காட்டிற்று. கார்ஸ்வெல் பிணத்தில் கண்டதை 143 வருஷங்கழித்து உயிருள்ளவரிடத்தில் கண்டார்கள். 2001-ல் மக்டோனால்ட் என்கிற டாக்டரின் தலைமையில் பல தேசத்து நிபுணர்கள் கூடி விதி வகுத்தார்கள். அது பலமுறை திருத்தப்பட்டும் வந்திருக்கிறது. அன்று வகுத்த விதியின் சாரம் இதுதான்: நரம்பு மண்டலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட இடத்தில் கேடு இருக்க வேண்டும், அது ஒன்றுக்கு மேற்பட்ட காலத்தில் நேர்ந்ததென்பதற்கும் அடையாளம் வேண்டும், இதே வேஷம் போடும் வேறு வியாதி எதுவுமில்லை என்றும் உறுதிப்பட வேண்டும்.

இந்த மூன்றாவது நிபந்தனையை அலட்சியமாய் எண்ணக்கூடாது. பி-12 என்னும் வைட்டமின் குறைவும், க்ஷயரோகமும் கூட இதே போலக் காலை மரக்கச் செய்யும். நியூரோமயலைட்டிஸ் ஆப்டிகா என்று ஒரு பங்காளி வியாதியும் உண்டு. அதற்குரிய இரத்த அடையாளத்தை 2004-ல்தான் கண்டுபிடித்தார்கள். ஒன்றுக்குக் கொடுக்கும் மருந்துகளில் சில மற்றொன்றை மோசமாக்கி விடும். ஆகவே, ஒரு டாக்டர், “இன்னும் நிச்சயமாய்ச் சொல்ல முடியாது, ஆறு மாதத்தில் மறுபடி படம் எடுத்துப் பார்க்க வேண்டும்” என்று சொன்னால் அவரைக் கையாலாகாதவர் என்று ஏசாதீர்கள். “தெரியவில்லை, தேடுகிறேன்” என்பது யோக்கியமான பேச்சு. “தெரியவில்லை, ஆகையால் உனக்கு ஒன்றுமில்லை” என்பதுதான் மோசமான பேச்சு. இரண்டும் காதுக்கு ஒன்றுபோலத் தோன்றினாலும் ஒன்று வழிகாட்டுவது, மற்றொன்று கதவடைப்பது.

முன் காலத்தில் பேர் தெரிந்தும் பயன் குறைவாயிருந்தது. இப்பொழுது அப்படியல்ல. 1993-ல் அமெரிக்காவில் முதல் மருந்து அனுமதிக்கப்பட்டது முதல், தாக்குதல்களைக் குறைக்கவும் முடக்கத்தைத் தள்ளிப்போடவும் கூடிய மருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாய் வந்திருக்கின்றன. அடியோடு குணப்படுத்தும் மருந்து இன்னும் இல்லை. ஆனால் இறுகிப்போன தழும்பை மாற்ற முடியாதென்பதனாலேயே, தழும்பு விழுமுன் தடுப்பதில் எல்லாம் இருக்கிறது. எனவே, நாம் வீணாக்கும் ஒவ்வொரு வருஷமும் ஒரு நரம்பின் விலையாகும். பேர் தெரியாமல் உரிமையும் கிடையாது. 2016-ம் வருஷத்து இந்திய மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 21 வகைகளில் ஒன்றாக இவ்வியாதியையும் சேர்த்திருக்கிறது. ஆனால் சான்றிதழ் கேட்டுப் போகிறவர் கையில் வியாதியின் பேர் எழுதின காகிதம் இருந்தாலல்லவா சட்டம் வாய் திறக்கும்?

ஆகையால் சர்க்காரை ஒன்று கேட்கிறோம். நரம்பு வைத்தியரும் எம்.ஆர்.ஐ. யந்திரமும் பெரிய பட்டணத்தோடு நின்றுவிடாமல், கூலிக்காரன் ஒரு நாள் கூலியோடு போய்த் திரும்பக்கூடிய தூரத்திற்கு வர வேண்டும். இந்த மருந்துகளின் விலை ஏழைக்கு எட்டுவதாக வேண்டும். டெஸ்டேக்கு இல்லாதது அறிவு. நம் ஏழைக்கு இல்லாதது அறிவிருக்கும் இடத்துக்குப் போகும் வழிச் செலவு.

தோழர்களை மூன்று கேட்கிறோம். முதலாவது, கால் மரத்ததெல்லாம் இவ்வியாதியல்ல, பயப்பட வேண்டாம். ஆனால் ஒரு கண் சில நாளில் மங்கி வலித்தாலும், மரப்போ தளர்ச்சியோ ஒரு நாளைக்கு மேல் நீடித்தாலும், அது தானே போய்விட்டாலும், டாக்டரிடம் சொல்லியே தீர வேண்டும். இரண்டாவது, எழுதி வையுங்கள். எந்தத் தேதி, எந்த அங்கம், எத்தனை நாள் என்று ஒரு நோட்டில் குறித்த குறிப்பு, நூறு தாயத்தைவிட உதவும். எழுதத் தெரியாதவருக்குப் படிக்கும் பிள்ளை எழுதிக் கொடுக்கட்டும். மூன்றாவது, உங்கள் வீட்டுப் பெண் தன் உடம்பைப் பற்றிச் சொல்லும்போது, ஜோசியனிடம் போகுமுன்னும், சோம்பலென்று சொல்லுமுன்னும், உட்கார்ந்து முழுதும் கேளுங்கள். அவள் வெட்கப்பட்டு விட்டுவிட்டதையும் கேளுங்கள்.

ஒரு வேலைக்காரி உடைத்த தட்டுகளைப் பொறுத்துக்கொண்டு ஒருவன் கவனித்ததனால் உலகத்துக்கு ஒரு வியாதியின் பேர் தெரிந்தது. நம் வீட்டில் ஒருத்தி கையிலிருந்து குடம் நழுவினால் நாம் முதலில் திட்டுவோமா, கவனிப்போமா? தோழர்களே, பதிலை உங்களுக்கே விட்டுவிடுகிறோம்.